சட்டைப் பைக்குள் சங்கீதம்: மசாரு இபுகாவின் கதை

ஒரு காலத்தில் பாட்டுக் கேட்க வேண்டுமானால், பாட்டு இருக்கும் இடத்துக்கு மனிதன் போகவேண்டும். கச்சேரி மண்டபத்துக்குப் போகவேண்டும். அல்லது கிராமபோன் வைத்திருக்கும் பணக்காரர் வீட்டுத் திண்ணைக்குப் போகவேண்டும். அல்லது ரேடியோ பாடும் டீக்கடை வாசலில் நிற்கவேண்டும்.

மனிதன் போகும் இடத்துக்கெல்லாம் பாட்டு கூடவே வரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் ஒருவர் உண்டு. அவர் பாடகர் அல்ல, என்ஜினீயர். ஜப்பான் நாட்டில் 'சோனி' கம்பெனியை நிறுவிய மசாரு இபுகாதான் அவர்.

அவருடைய தொழிற்சாலையில் செய்த முதல் ஒலிப்பதிவு இயந்திரம் 30 கிலோவுக்கும் அதிகமான எடை. அவருடைய முதுமையில், அவர் ஆசைப்பட்டுக் கேட்டதால் பிறந்த 'வாக்மேன்' 390 கிராம். முப்பது கிலோவுக்கும் முந்நூற்றுத் தொண்ணூறு கிராமுக்கும் நடுவில் இருக்கிறது இபுகாவின் வாழ்க்கை.

தந்தையை இழந்த பிள்ளை

1908-ம் ஆண்டு ஏப்ரல் 11-ந் தேதி, ஜப்பானில் நிக்கோ என்ற மலை ஊரில் இபுகா பிறந்தார். அவருடைய தந்தையும் என்ஜினீயர்தான். அவ்வூரில் தாமிரம் சுத்திகரிக்கும் ஆலையில் வேலை பார்த்தார். மகனுக்கு விவரம் தெரியும் முன்பே தந்தை காலமாகிவிட்டார். தாத்தாவின் அரவணைப்பில் சில காலம் வளர்ந்தார் இபுகா. தாயார் மறுமணம் செய்துகொண்ட பிறகு, கோபே என்ற துறைமுகப் பட்டினத்துக்குப் போனார்.

அங்கே பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ரேடியோப் பைத்தியம் பிடித்தது. ஜப்பானில் வானொலி நிலையங்கள் தொடங்குவதற்கு முன்னும் பின்னுமான காலம் அது. கடையில் போய் ரேடியோ வாங்குவது எளிதல்ல. இபுகா தாமே கம்பி சுற்றி, தாமே கருவி பூட்டினார். பாடப் புத்தகம் மூலையில் கிடந்தது.

பிறகு டோக்கியோவில் வாசெடா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1933-ல் பட்டம் பெற்றார். மாணவராக இருந்தபோதே ஒரு புதுமை செய்தார். வெளிச்சம் மாறும் நியான் விளக்கு அது. அதற்குப் பாரிஸ் கண்காட்சியில் பரிசு கிடைத்தது. ஆனால் பெரிய மின்சாரக் கம்பெனி ஒன்று நடத்திய தேர்வில் அவர் தேறவில்லை! சினிமாவுக்கு ஒலி சேர்க்கும் ஒரு சிறு கம்பெனியில்தான் உத்தியோகம் கிடைத்தது.

யுத்தம் வந்தது. அளவைக் கருவிகள் செய்யும் ஒரு கம்பெனியில் இருந்த இபுகா, ராணுவ ஆராய்ச்சிக் குழு ஒன்றில் இடம்பெற்றார். வெப்பத்தைத் தேடிச் சென்று தாக்கும் ஆயுதம் பற்றி ஆராய்ந்த குழு அது. ஆயுதம் உருப்பெறவில்லை, அதற்குள் யுத்தம் முடிந்துவிட்டது. ஆனால் அந்தக் குழுவில் ஓர் இளம் கடற்படை அதிகாரி இபுகாவுக்கு நண்பரானார். பெயர் அகியோ மொரிடா. இபுகாவைவிடப் பதின்மூன்று வயது இளையவர். பரம்பரையாகச் சாக்கே என்ற அரிசி மது காய்ச்சும் செல்வக் குடும்பத்தின் மூத்த பிள்ளை.

உடைந்த கட்டிடத்தில் பிறந்த கம்பெனி

1945-ம் ஆண்டு அக்டோபர் மாதம். டோக்கியோ நகரம் குண்டுவீச்சில் கரிந்து கிடந்தது. ஷிரோகியா என்ற பெரிய பலசரக்கு மாளிகை மட்டும் சுவரெல்லாம் வெடித்து, எப்படியோ நின்றுகொண்டிருந்தது. அதன் மூன்றாவது மாடியில் ஓர் அறையைப் பிடித்தார் இபுகா. உடன் வந்தவர்கள் ஒரு சிலர். சம்பளம் இபுகாவின் சொந்தச் சேமிப்பிலிருந்து வந்தது.

என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. சோறு சமைக்கும் மின்சாரப் பானை செய்தார்கள். மரத் தொட்டியின் அடியில் அலுமினியத் தகடு பொருத்திய பானை. சோறு ஒருநாள் கல்லாக இருந்தது. ஒருநாள் கஞ்சியாக இருந்தது. பானைகள் விற்கவில்லை.

ஆனால் ரேடியோ விஷயம் பலித்தது. யுத்த காலத்தில் சிற்றலை ஒலிபரப்பைக் கேட்கக் கூடாது என்று ஜப்பானில் தடை இருந்தது. தடை நீங்கியதும், உலகச் செய்தி கேட்க மக்கள் துடித்தார்கள். சாதாரண ரேடியோவில் சிற்றலையும் கேட்க உதவும் சிறு கருவி ஒன்றை இபுகாவின் ஆட்கள் செய்து கொடுத்தார்கள். 'ஆசாஹி' பத்திரிகையில் இதைப் பற்றிச் சில வரிகள் வந்தன. ஊரில் இருந்த மொரிடா அதைப் படித்தார். பழைய நண்பருக்குக் கடிதம் எழுதினார். இருவரும் மறுபடி கூடினார்கள்.

1946-ம் ஆண்டு மே 7-ந் தேதி கம்பெனி முறைப்படி தொடங்கியது. மூலதனம் 1,90,000 யென். ஆட்கள் இருபது பேர் அளவில். கம்பெனியின் நோக்கம் என்ன என்று இபுகா முன்கூட்டியே ஓர் அறிக்கை எழுதி வைத்திருந்தார். என்ஜினீயர்கள் மகிழ்ச்சியோடு தங்கள் திறமையைக் காட்டும் தொழிற்சாலை வேண்டும். பெரிய கம்பெனிகள் செய்யத் துணியாததைச் செய்யவேண்டும். உயர்ந்த தொழில்நுட்பத்தைச் சாதாரண மக்களின் வீட்டுக்குக் கொண்டு போகவேண்டும் என்பவை அதன் சாரம்.

யுத்தத்தில் தோற்று, அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி தேடிய நாட்டில் எழுதிய அறிக்கை அது!

வாணலியில் வறுத்த நாடா

அமெரிக்க ராணுவம் ஜப்பானில் தங்கியிருந்த காலம். அமெரிக்க அலுவலகம் ஒன்றில் இபுகா ஒரு டேப் ரிக்கார்டரைக் கண்டார். பார்த்த மாத்திரத்தில் இதுதான் தம் கம்பெனி செய்யவேண்டிய பொருள் என்று தீர்மானித்துவிட்டார்.

இயந்திரம் செய்யத் தெரியும். நாடா செய்வதுதான் சிரமம். ஜப்பானில் அப்போது பிளாஸ்டிக் கிடைக்கவில்லை. செல்லோபேன் தாளில் முயன்றார்கள், அது இழுபட்டது. கடைசியில் கெட்டிக் காகிதத்தை நீளமாக வெட்டி ஒட்டினார்கள். காந்தத் தூளுக்கு எங்கே போவது? இரும்பு ஆக்சலேட் என்ற மருந்துப் பொருளை வாங்கி வந்து, வாணலியில் போட்டு, மரக் கரண்டியால் கிண்டி, நிறம் மாறும்வரை வறுத்தார்கள். அந்தத் தூளை மெல்லிய தூரிகையால் காகிதத்தில் பூசினார்கள். ஜப்பானின் முதல் ஒலிநாடா இப்படி அடுப்பிலிருந்து இறங்கியது.

1950-ல் இயந்திரம் கடைக்கு வந்தது. விலை சுமார் 1,60,000 யென். பார்த்தவர்கள் எல்லாம் வியந்தார்கள். வாங்கத்தான் ஆள் இல்லை. நீதிமன்றங்களில் சுருக்கெழுத்தாளர் பஞ்சம் இருந்தது. அங்கே சில இயந்திரங்கள் போயின. பிறகு பள்ளிக்கூடங்களை மனத்தில் வைத்து, எடையையும் விலையையும் குறைத்துச் சிறிய இயந்திரம் ஒன்றை 1951-ல் செய்தார்கள். அது நன்றாக விற்றது.

இந்த அனுபவம் இபுகாவுக்கு ஆயுள் முழுவதும் பயன்பட்டது. அதிசயமான பொருளாக இருந்தால் மட்டும் போதாது. ஒரு மனிதன் தூக்கிக்கொண்டு போகவும், காசு கொடுத்து வாங்கவும் முடியவேண்டும்.

காது கேட்கும் கருவியா, ரேடியோவா?

1952-ல் இபுகா அமெரிக்காவுக்குப் பிரயாணம் செய்தார். டேப் ரிக்கார்டரை அங்கே எதற்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்று பார்ப்பது நோக்கம். ஆனால் அவர் மனத்தை ஒரு கவலை அரித்துக்கொண்டிருந்தது. டேப் ரிக்கார்டருக்காக அவர் சேர்த்த என்ஜினீயர்கள் சுமார் நாற்பது பேர். டேப் ரிக்கார்டர் வேலை முடிந்துவிட்டது. இனி அவர்களுக்குத் தகுந்த வேலை எது?

அந்தச் சமயத்தில் ஒரு செய்தி வந்தது. டிரான்சிஸ்டர் செய்யும் உரிமையை வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனி வெளியாருக்கும் கொடுக்கிறது; கட்டணம் 25,000 டாலர்.

டிரான்சிஸ்டர் என்பது அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் 1947-ல் கண்டுபிடிக்கப்பட்ட பொருள். அதுவரை ரேடியோவுக்குள் கண்ணாடி வால்வுகள்தான் இருந்தன. அவை சூடேறும், மின்சாரத்தைக் குடிக்கும், இடத்தை அடைக்கும். ஆகையால் ரேடியோ என்றால் மேஜை மீது உட்கார்ந்திருக்கும் பெட்டி. வால்வு செய்யும் வேலையை டிரான்சிஸ்டர் ஒரு கடுகளவு பொருளுக்குள் செய்தது. சூடும் இல்லை, பெரிய மின்சாரமும் வேண்டாம்.

ஆனால் அன்றைய டிரான்சிஸ்டருக்கு ஒரு குறை. வேகமாக அதிரும் ரேடியோ அலைகளைச் சமாளிக்கும் திறன் அதற்குப் போதவில்லை. காது கேளாதவர்கள் அணியும் கருவிக்கு வேண்டுமானால் பயன்படும் என்று அமெரிக்கர்களே அறிவுரை சொன்னார்கள். இபுகா கேட்கவில்லை. ரேடியோதான் செய்வேன் என்றார். வீட்டுக்கு வீடு வாங்கும் பொருள் அதுதானே!

25,000 டாலர் அன்னியச் செலாவணி வேண்டும். ஜப்பானிய அரசாங்கத்தின் தொழில் இலாகா அனுமதி தர யோசித்தது. பெரிய கம்பெனிகளே தயங்கும் காரியம் இந்தச் சின்னக் கம்பெனியால் ஆகுமா என்பது அதிகாரிகளின் சந்தேகம். அனுமதி கிடைக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று.

1954-ல் இபுகாவும் கசுவோ இவாமா என்ற என்ஜினீயரும் அமெரிக்கா போனார்கள். இவாமா அங்கே தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்ப்பார்; கேள்வி கேட்பார்; இரவில் ஓட்டல் அறைக்கு வந்து, பார்த்ததை எல்லாம் படம் போட்டுக் கடிதமாக எழுதுவார். அந்தக் கடிதங்களைப் பார்த்து டோக்கியோவில் இயந்திரம் செய்தார்கள். டிரான்சிஸ்டரும் செய்தார்கள்.

சோதனை இனிதான். செய்த டிரான்சிஸ்டர்களில் நூற்றுக்கு ஐந்துதான் தேறின. தொண்ணூற்றைந்து குப்பைக்குப் போயின. எந்த வியாபாரியும் இந்தக் கணக்கைப் பார்த்துக் கடையை மூடியிருப்பார். ஐந்து தேறுகிறது என்றால் வழி இருக்கிறது என்று அர்த்தம். வேலையைத் தொடருங்கள் என்றார் இபுகா. பழுதான டிரான்சிஸ்டர்களை ஆராய்ந்த வேலையும் வீண் போகவில்லை. அந்தக் கம்பெனியில் பணியாற்றிய லியோ எசாகி அந்த ஆராய்ச்சியில் ஒரு புதிய உண்மையைக் கண்டு, 1973-ல் நோபல் பரிசு பெற்றார்.

பெரிதான சட்டைப் பை

உலகின் முதல் டிரான்சிஸ்டர் ரேடியோவை விற்ற பெருமை இபுகாவுக்குக் கிடைக்கவில்லை. 1954-ம் ஆண்டு இறுதியில் 'ரீஜென்சி' என்ற ரேடியோவை அமெரிக்கர்கள் முந்திக்கொண்டு வெளியிட்டார்கள். இபுகாவின் முதல் மாதிரியோ, வெயிலில் முகப்புத் தகடு நெளிந்து போய், விற்பனைக்கு வராமலே நின்றது. 1955 ஆகஸ்டில்தான் அடுத்த மாதிரி கடைக்கு வந்தது. விலை 18,900 யென்.

முந்தியவர்கள் அந்த ரேடியோவை நெடுங்காலம் தொடரவில்லை. இபுகா விடவில்லை. டிரான்சிஸ்டர் சிறியதானால் போதுமா? ஒலிபெருக்கி, மின்தேக்கி, அலைத் திருப்பி எல்லாம் பழைய பருமனில் இருந்தால் பெட்டி எப்படிச் சிறுக்கும்? உதிரிப் பாகம் செய்யும் கம்பெனிகளிடம் போய், எல்லாவற்றையும் சிறிதாக்கித் தாருங்கள் என்று மன்றாடினார்கள்.

1957-ல் சட்டைப் பை ரேடியோ வந்தது. விலை 13,800 யென். உண்மையில் அது சாதாரணச் சட்டைப் பையைவிடக் கொஞ்சம் பெரியது. ரேடியோவை இனிச் சிறிதாக்க முடியவில்லை. ஆகவே சட்டைப் பையைப் பெரிதாக்கினார்கள்! விற்பனையாளர்களுக்குப் பெரிய பை வைத்த சட்டை தைத்துக் கொடுத்தார் மொரிடா. அவர்கள் ரேடியோவைப் பைக்குள் போட்டுக் காட்டி விற்றார்கள்.

வெளிநாட்டார் வாயில் நுழையவேண்டும் என்பதற்காக, 1958-ல் கம்பெனியின் நீண்ட பெயரை மாற்றிச் 'சோனி' என்று வைத்தார்கள். நம் நாட்டில் டிரான்சிஸ்டர் என்றாலே கையில் எடுத்துச் செல்லும் ரேடியோ என்றுதான் அர்த்தமாகிவிட்டது. அந்தப் பொருளை உலகம் முழுவதும் பரப்பியவர்களில் இபுகாவுக்கு முதல் வரிசையில் இடம் உண்டு.

ஒரு தந்தையின் துயரம்

வெற்றிக்கு நடுவே வீட்டில் ஒரு துயரம் இருந்தது. இபுகாவின் மகள்களில் ஒருவருக்கு மூளை வளர்ச்சியில் குறைபாடு. விஞ்ஞானம் தெரிந்த தந்தையால் அதை மாற்ற இயலவில்லை.

அந்தத் துயரம் அவரை வேறொரு பாதைக்கும் இழுத்தது. சிறு குழந்தைகளின் மனம் எப்படி வளர்கிறது, அதற்குப் பெற்றோர் என்ன செய்யலாம் என்று படிக்கத் தொடங்கினார். 1969-ல் இளங்குழந்தைகளின் வளர்ச்சிக்காக ஒரு சங்கம் நிறுவினார். மழலைப் பள்ளிக்குப் போகும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும் என்ற கருத்தையே தலைப்பாக வைத்து, 1971-ல் ஒரு புத்தகம் எழுதினார். அது பல மொழிகளில் வெளிவந்தது.

அதே ஆண்டில் கம்பெனியின் தலைமை நிர்வாகத்தை மொரிடாவிடம் ஒப்படைத்தார். 1976-ல் கௌரவத் தலைவர் ஆனார். ஓய்வு எடுக்கும் வயதும் வந்துவிட்டது. ஆனால் அவருடைய பெயரை வீதிக்கு வீதி கொண்டு போகும் பொருள் இனிமேல்தான் பிறக்கவேண்டும்!

எடுத்துவிடுங்கள், எடுத்துவிடுங்கள்!

எழுபது வயது இபுகாவுக்கு விமானப் பிரயாணம் அதிகம். வழியில் பாட்டுக் கேட்க ஆசை. கம்பெனி செய்த ஸ்டீரியோ டேப் ரிக்கார்டரைக் கையோடு எடுத்துப் போவார். ஒலி மிக உயர்ந்தது. ஆனால் எடை சுமார் 1.7 கிலோ. காதில் மாட்டும் ஹெட்போன் வேறு பெரிய சுமை. வயதானவர் கைக்கு அது பாரமாக இருந்தது.

அப்போது பத்திரிகை நிருபர்களுக்காகச் சோனி ஒரு சின்ன ரிக்கார்டர் விற்று வந்தது. உள்ளங்கையில் அடங்கும். ஆனால் ஸ்டீரியோ இல்லை. ஒருநாள் இபுகா, கம்பெனியின் மற்றொரு தலைவரான நோரியோ ஓகாவிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தார். அந்தச் சின்னப் பெட்டியில் பதிவு செய்யும் வசதியை எடுத்துவிட்டு, ஸ்டீரியோவாகப் பாட மட்டும் செய்து தரமுடியுமா என்று கேட்டார்.

வேலை என்ஜினீயர் கோசோ ஓசோனேயின் குழுவுக்குப் போனது. பதிவு செய்யும் பகுதியை எடுத்தார்கள். ஒலிபெருக்கியை எடுத்தார்கள். மிஞ்சிய இடத்தில் ஸ்டீரியோவுக்கு வேண்டிய பாகங்களை வைத்தார்கள். ஹெட்போனை மாட்டிக் கேட்ட இபுகா பூரித்துப் போனார். நேரே மொரிடாவிடம் கொண்டுபோய்க் காட்டினார். மொரிடா வீட்டுக்கு எடுத்துப் போய்க் கேட்டார். இதை விற்கவேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்.

கம்பெனிக்குள்ளே எதிர்ப்புக் கிளம்பியது. பதிவு செய்ய முடியாத இயந்திரத்தை எவன் வாங்குவான் என்று விற்பனைப் பகுதியினர் தலையில் கை வைத்தார்கள். அவர்கள் கேட்டது நியாயமான கேள்விதான். ஒரு பொருளில் வசதிகளைக் கூட்டி விற்பது வியாபாரம். குறைத்து விற்பதை யார் கண்டார்கள்?

அதிர்ஷ்டமும் கைகொடுத்தது. கம்பெனியின் வேறொரு பிரிவில், சுமார் 50 கிராம் எடையில் ஒரு ஹெட்போன் உருவாகிக்கொண்டிருந்தது. அந்நாளில் ஹெட்போன்கள் 300 முதல் 400 கிராம்வரை இருந்தன. கனமான ஹெட்போனை மாட்டிக்கொண்டு எவர் நடப்பார்? இரண்டு வேலைகளையும் சேர்த்துக் கட்டினார்கள்.

1979-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி 'வாக்மேன்' விற்பனைக்கு வந்தது. விலை 33,000 யென். முதலில் செய்தவை 30,000. நிருபர்களைப் பூங்காவுக்கு அழைத்துப் போய், ஆளுக்கு ஒரு வாக்மேன் கொடுத்து, விளக்கத்தை அதிலேயே கேட்கச் செய்தார்கள். ஆனாலும் ஜூலை முழுவதும் விற்றவை 3,000 அளவில்தான். சிரித்தவர்கள் சிரித்தார்கள். ஆகஸ்டு முடிவதற்குள் அத்தனையும் தீர்ந்துவிட்டன! மேலும் கேட்டு இளைஞர்கள் கடைகளில் நின்றார்கள்.

ஒரு வேடிக்கையும் உண்டு. ஒருவர் மட்டும் தனியாகக் கேட்பது மரியாதைக் குறைவு என்று மொரிடா கருதினார். ஆகவே முதல் வாக்மேனில் இருவர் கேட்க இரண்டு துளைகள் இருந்தன. பாட்டின் ஒலியைத் தாழ்த்தி, ஒருவரோடு ஒருவர் பேச ஒரு பொத்தானும் இருந்தது. மக்கள் அப்படிப் பயன்படுத்தவில்லை. ஆளுக்கு ஒன்று வாங்கித் தனியாகவே கேட்டார்கள். கூட்டத்தின் நடுவே தனிமையையும் அந்தச் சின்னப் பெட்டி விற்றுக்கொண்டிருந்தது. இது நன்மையா, தீமையா என்ற வாதம் அன்று தொடங்கியது, இன்னும் முடியவில்லை.

கையோடு கை

1992-ல் ஜப்பானிய அரசாங்கம் கலாசார விருது அளித்து இபுகாவைக் கௌரவித்தது. அந்தக் காலத்திலேயே உடல் நலம் கெட்டு, சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார். மறு ஆண்டு மொரிடாவும் மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டு விழுந்தார். உலகைச் சுற்றிச் சுற்றிப் பேசிய அந்த வாய் ஓய்ந்துவிட்டது. இரு நண்பர்களும் சந்திக்கும்போது பேச்சு இராது. ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வெடித்த சுவருக்கு நடுவே தொடங்கிய அரை நூற்றாண்டு நட்பு அது.

1997-ம் ஆண்டு டிசம்பர் 19-ந் தேதி, 89-வது வயதில் இபுகா காலமானார். இரண்டு ஆண்டுகளுக்குள் மொரிடாவும் மறைந்தார். 2010-ல் ஜப்பானில் கேசட் வாக்மேன் விற்பனை நின்றது. அதற்குள் பாட்டு நாடாவை விட்டுத் தட்டுக்கும், தட்டை விட்டுக் கைத்தொலைபேசிக்கும் குடிபெயர்ந்துவிட்டது.

பொருள் மறைந்தாலும், அதைச் செய்யத் தூண்டிய கேள்வி மறையவில்லை. இதில் எதை எடுத்துவிடலாம்? ஒரு மனிதன் இதைச் சிரமமில்லாமல் தூக்கிக்கொண்டு நடக்க முடியுமா? கையடக்கக் கருவி செய்கிற எந்த என்ஜினீயரும் இன்று முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி அதுதான். பதிவு செய்யும் வசதியை எடுத்துவிடச் சொன்ன எழுபது வயது மனிதர், அதற்கு விடையும் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.